பிசியோதெரபியில் நோயாளியின் எதிர்பார்ப்பு: கேட்பது, திருத்துவது, காப்பது பற்றி ஒரு முழுமையான வழிகாட்டி

தோள்பட்டையைச் சுற்றியுள்ள தசைநார் முழுத் தடிமனுக்கும் கிழிந்துபோன 452 பேருக்கு, அமெரிக்காவின் பல மையங்களைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர்கள் கத்தியை எடுக்காமல் முதலில் பிசியோதெரபி கொடுத்துப் பார்த்தார்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குள் அறுவை சிகிச்சைக்குப் போனவர்கள் கால் பங்குக்கும் குறைவு. போனவர்கள் யார் என்று அதே குழு பிறகு ஆராய்ந்தபோது கிடைத்த விடை பலரையும் வியக்க வைத்தது. கிழிசல் எவ்வளவு பெரியது, வலி எவ்வளவு கடுமையானது என்பவற்றைக் காட்டிலும், பிசியோதெரபியால் தனக்குப் பயன் கிடைக்கும் என்று அவர் முதலில் எந்த அளவுக்கு நம்பினார் என்பதே முடிவை வலுவாக முன்னறிவித்தது. ஸ்கேனில் தெரியாத ஒன்று, ஸ்கேனில் தெரிந்ததைவிட அதிகம் சொன்னது.

இருந்தும், நம் ஊர் பிசியோதெரபி மையங்களில் முதல் நாள் நிரப்பும் தாளில் சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா என்ற கட்டங்கள் இருக்கும். எதிர்பார்ப்பைக் கேட்கும் கட்டம் பெரும்பாலும் இருக்காது. தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிசியோதெரபிஸ்டுகளை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. சிகிச்சைக்குப் போகவிருப்பவர் படித்தால், முதல் நாள் தாம் என்ன சொல்ல வேண்டும் என்பது அவருக்கும் தெரியவரும். சொல்வது விளங்குவதற்காக, 58 வயதில் முழங்கால் தேய்மான வலியோடு வரும் ஓர் அம்மாவை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அவர் குறிப்பிட்ட ஒருவர் அல்லர்; ஆனால் அவரைப் பார்க்காத மையமே இருக்காது.

எதிர்பார்ப்பு என்பது எது

ஒரே சொல்லில் வெவ்வேறு விஷயங்கள் அடங்கியிருப்பதால் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். பழையபடி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பூஜை செய்ய வேண்டும் என்று அந்த அம்மா சொன்னால், அது விருப்பம். "இந்த வயசுக்கு மேல எங்க சரியாகப் போகுது" என்று அதே மூச்சில் சொன்னால், அது கணிப்பு. "கரண்ட் வெச்சு விடுவீங்கல்ல?" என்பது சிகிச்சை எப்படி இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. இவை எதுவுமே இல்லாமல், "டாக்டர் போகச் சொன்னாரு, வந்தேன்" என்று உட்கார்பவரும் உண்டு. அவருக்கு எதிர்பார்ப்பு இன்னும் உருவாகவில்லை, அதை முதலில் உருவாக்கப்போவது நீங்கள்தான்.

சிகிச்சையின் முடிவோடு சேர்த்து ஆய்வாளர்கள் அதிகம் அளந்திருப்பது கணிப்பைத்தான். விருப்பம் எல்லோருக்கும் உயரமாகவே இருக்கும். விருப்பத்துக்கும் கணிப்புக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதைக் கண்டுபிடித்தால், வேலை செய்ய வேண்டிய இடம் கிடைத்துவிடும்.

சான்று எவ்வளவு வலுவானது

இடுப்பு வலிக்கு அக்குபஞ்சரும் மசாஜும் கொடுத்து ஒப்பிட்ட ஓர் ஆய்வின் தரவை 2001-இல் மறுபடி அலசினார்கள். தாம் பெற்ற சிகிச்சைமீது அதிக எதிர்பார்ப்பு வைத்திருந்தவர்களில் 86 சதவீதத்தினருக்கும், குறைவாக வைத்திருந்தவர்களில் 68 சதவீதத்தினருக்கும் செயல்திறன் முன்னேறியது. இடுப்பு வலிக்காரர்களின் குணமடையும் எதிர்பார்ப்பைப் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 60 ஆய்வுகளையும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளையும் உள்ளடக்கியது. நல்ல எதிர்பார்ப்பு உள்ளவர்கள் வேலைக்குத் திரும்பும் வாய்ப்பு கூடுதல் என்பதே அதில் தெளிவாகத் தெரிந்த முடிவு.

இங்கே ஓர் எச்சரிக்கை. இவற்றில் பெரும்பாலானவை தொடர்பைக் காட்டுகின்றன. எதிர்பார்ப்புதான் காரணம் என்று நிறுவுவதில்லை. தன் உடம்பு எந்தப் பக்கம் போகிறது என்பதை நோயாளி தானே ஓரளவு உணர்ந்திருப்பதால் அவர் கணிப்பு பலித்திருக்கலாம். ஆகவே "நம்பினால் போதும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் எதிர்பார்ப்பு உடம்பைத் தொடுகிறது என்பதற்குத் தனிச் சான்று இருக்கிறது. 1978-இல் பல் பிடுங்கிய நோயாளிகளிடம் நடந்த சோதனையில், மருந்துச் சத்து எதுவும் இல்லாத வெற்று மருந்தால் கிடைத்த வலி நிவாரணத்தை நாலோக்சோன் என்னும் மருந்து தடுத்தது. நாலோக்சோன் தடுப்பது அபின் வகைப் பொருட்களின் வேலையை. அப்படியானால் உடம்பு தானே அத்தகைய பொருளைச் சுரந்திருக்க வேண்டும். இத்தாலியின் தூரின் நகரில் ஃபாப்ரிசியோ பெனடெட்டியின் குழு, அறுவைக்குப் பிந்தைய வலி மருந்தைச் சிலருக்கு மருத்துவர் நேரில் சொல்லிச் செலுத்தியும், சிலருக்குத் தெரியாமல் கருவி வழியே செலுத்தியும் பார்த்தது. தெரிந்து பெற்றவர்களுக்கே நிவாரணம் அதிகம். மருந்து அதேதான்.

படி 1: தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே கேளுங்கள்

பரிசோதனை முடிந்து, "இன்ன தசை பலவீனமாக இருக்கிறது" என்று நீங்கள் சொல்லிவிட்ட பிறகு கேட்டால், நோயாளி உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார். மரியாதைக்காக ஆமாம் போடும் பழக்கம் நம்மிடம் அதிகம். வயதில் மூத்த பெண்கள் "நீங்க சொன்னா சரி டாக்டர்" என்று முடித்துவிடுவார்கள். எனவே உட்கார வைத்ததும், கையில் கருவி எதையும் எடுக்காமல் கேட்க வேண்டும்.

கேள்விகள் பேச்சுத் தமிழில் இருக்கட்டும். "அம்மா, இந்த வலி எதனால வந்துச்சுன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று தொடங்கலாம். தேய்மானம், ஜவ்வு கிழிசல், வாயு, பிரசவத்துக்குப் பிறகு சரியாக ஓய்வெடுக்காதது என்று எது வந்தாலும் இடைமறிக்காமல் கேளுங்கள், அந்த இடத்தில் திருத்தாதீர்கள். அடுத்து, "இங்க வந்தா என்ன பண்ணுவாங்கன்னு நினைச்சு வந்தீங்க?" என்று கேட்க வேண்டும். அதன்பின், "ஒரு மாசம் கழிச்சு எப்படி இருக்கும்னு தோணுது? நீங்க ஆசைப்படுறது வேற, உண்மையிலேயே நடக்கும்னு நினைக்கிறது வேற, ரெண்டையும் தனித்தனியா சொல்லுங்க" என்று கேட்டால், விருப்பமும் கணிப்பும் பிரிந்து வரும். கணிப்புக்கு மட்டும் 0 முதல் 10 வரை ஓர் எண் கேளுங்கள். 0 என்றால் துளியும் குறையாது, 10 என்றால் முழுவதும் சரியாகிவிடும்.

மிகவும் பயன்படும் கேள்வி இதற்குப் பிறகுதான் வருகிறது: "ஏன் 3 சொன்னீங்க, ஏன் 0 சொல்லலை?" குறை எண்ணைச் சொன்னவர், அந்தக் கேள்விக்கு விடையாக நம்பிக்கைக்கான காரணத்தைத் தானே தேடி எடுப்பார். போன வருடம் உடற்பயிற்சி செய்த ஒரு மாதம் நன்றாக இருந்தது என்றோ, நாத்தனாருக்குச் சரியானது என்றோ சொல்வார். நீங்கள் ஒரு மணி நேரம் பேசினாலும் இவ்வளவு வலுவுள்ள காரணத்தை உருவாக்க முடியாது.

முந்தைய அனுபவத்தையும் விடாதீர்கள். ஏற்கெனவே ஒரு மையத்தில் 10 சிட்டிங் பணம் கட்டி, மெஷினில் படுக்க வைத்து அனுப்பிவிட்டார்கள் என்பவர், பிசியோதெரபியையே பார்த்து முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார். அங்கே என்ன செய்தார்கள், என்ன செய்யவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இங்கே எது வேறாக இருக்கும் என்று சொல்லாவிட்டால், அவர் கணிப்பு பழைய மையத்திலேயே நின்றுவிடும்.

படி 2: அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள்

"முழங்கால் நெகிழ்வு குறைவு" என்பது உங்கள் குறிப்பு. "பஸ் படி ஏற முடியல, மார்க்கெட்ல அரை மணி நேரம் நிக்க முடியல, கீழ உக்காந்தா எழுந்திருக்க ஆள் வேணும்" என்பது அவர் குறிப்பு. இப்படி மூன்று முதல் ஐந்து செயல்களை அவரையே சொல்ல வைத்து, ஒவ்வொன்றையும் இப்போது எவ்வளவு செய்ய முடிகிறது என்று 0 முதல் 10 வரை மதிப்பிடச் சொல்லும் எளிய அளவுகோல் 1995 முதல் உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. அந்தத் தாளிலேயே தேதியோடு கணிப்பு எண்ணையும் எழுதிவிடுங்கள்.

படி 3: பயமுறுத்தும் படத்தை மாற்றுங்கள்

குறைந்த கணிப்புக்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் இருக்கிறது. அதைப் பிளாஸ்டிக் பையில் பத்திரமாகக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார்கள். "ஜவ்வு முழுசா தேஞ்சு போச்சு, எலும்பும் எலும்பும் உரசுதாம்" என்று யாரோ சொன்னதை அப்படியே ஒப்பிப்பார்கள். உரசுகிறது என்று நினைப்பவர் நடக்க அஞ்சுவார். நடக்காததால் தொடைத்தசை மெலியும். மெலிந்ததால் வலி கூடும். கூடிய வலி, உரசுகிறது என்பதை மெய்ப்பிக்கும். பிசியோதெரபிஸ்ட் முதலில் இறங்க வேண்டியது இந்தச் சுழலில்தான்.

இடுப்பு வலிக்காரர்களிடம் சொல்ல உறுதியான எண்கள் இருக்கின்றன. வலியே இல்லாத 3,110 பேரின் முதுகெலும்புப் படங்களைத் தொகுத்த 2015 ஆய்வில், 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. தலைமுடி நரைப்பதைப்போல இதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் கேட்பவருக்குச் சட்டென்று புரிகிறது. முழங்காலிலும் படத்தில் தெரியும் தேய்மானமும் வலியும் ஒரே அளவில் போவதில்லை.

எதைச் சொல்கிறோம் என்பதோடு எந்தச் சொல்லால் சொல்கிறோம் என்பதும் வலியைக் கூட்டிக் குறைக்கும். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரசவத்துக்காக வந்த 140 பெண்களுக்கு மரத்துப்போக வைக்கும் ஊசி போடும் முன், பாதிப் பேரிடம் "இந்த இடம் மரத்துப்போகும், உங்களுக்குச் சுகமாக இருக்கும்" என்ற பொருளிலும், மீதிப் பேரிடம் "பெரிய தேனீ கொட்டியதுபோல் இருக்கும், இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான பகுதி" என்ற பொருளிலும் சொன்னார்கள். தேனீயைக் கேட்டவர்களுக்கே அதிகம் வலித்தது. "டிஸ்க் விலகிடுச்சு", "முட்டியில எண்ணெய்ப் பசை வத்திப் போச்சு", "இனிமே குனியவே கூடாது" என்பவை நம் தேனீக்கள். இவற்றை நோயாளிகள் கண்டுபிடிக்கவில்லை, நாம்தான் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

திருத்தும்போது, "அதெல்லாம் தப்பு" என்று வெட்டக் கூடாது. அதை முதலில் சொன்னவர் அவர் மதிக்கும் மருத்துவராக இருக்கலாம். "படத்துல தேய்மானம் இருக்கறது உண்மைதாம்மா. ஆனா முட்டியைத் தாங்கறது தொடை சதை. அது பலமானா இதே தேய்மானத்தோட வலி குறைஞ்சு நடக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க" என்று, அவர் சொன்னதை வைத்தே பாதை போட வேண்டும். பிறகு அவரையே தன் சொல்லில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "வீட்டுக்குப் போனதும் பையன் கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டால், அது தேர்வு வைப்பதுபோல் இருக்காது.

படி 4: காலக்கணக்கைச் சொல்லுங்கள்

ஏமாற்றத்தில் பாதி, காலத்தைப் பற்றியது. ஒரு வாரத்தில் சரியாகும் என்று வந்தவர் நான்காம் நாளே நின்றுவிடுவார்.

பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகள் தசையை இயக்கப் பழகுவதால் வருவது. தசை கண்ணுக்குத் தெரியும்படி வளர இரண்டு மாதங்கள்கூட ஆகலாம். முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்காக டென்மார்க்கில் 2013-இல் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய பயிற்சித் திட்டத்தில், விளக்க வகுப்புகளோடு ஆறு வாரங்களில் 12 பயிற்சி அமர்வுகள். தோள் இறுக்கத்துக்குக் கணக்கு மாதங்களில் தொடங்கி ஆண்டுகளுக்கும் நீளும். குதிகால் நாண் வலிக்குப் பளுப் பயிற்சி குறைந்தது 12 வாரங்கள். முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். என்னும் நாருக்கான அறுவைக்குப் பிறகு கபடிக்கோ கால்பந்துக்கோ திரும்ப ஒன்பது மாதங்களாவது பொறுப்பது மறுகாயத்தைக் குறைக்கிறது.

விருப்பமே எட்டாத உயரத்தில் இருந்தால், அதையும் சொல்லத்தான் வேண்டும். முழங்கால் மாற்று அறுவைக்குப் பிறகு மூட்டு பொதுவாக 110 முதல் 120 டிகிரி வரை மடங்கினால் நல்ல முடிவு. சம்மணமிடவும் குந்தி உட்காரவும் 130-க்கு மேல் தேவைப்படும். கனடாவின் ஒன்டாரியோவில் 1,703 மாற்று அறுவைகளைப் பார்த்த 2010 ஆய்வில் ஐந்தில் ஒருவர் திருப்தியில்லை என்றார். அதிருப்திக்கு மிகப் பெரிய காரணமாக நின்றது, நிறைவேறாத எதிர்பார்ப்பு. நம் ஊரில் கோயில் தரை, கல்யாணப் பந்தி, இந்தியக் கழிப்பறை எல்லாம் அந்த 130 டிகிரியைக் கேட்பவை. இதை அறுவைக்கு முன்பே சொல்லாமல் பின்னால் சொல்வது, என் கருத்தில், தொழில் தவறு.

படி 5: உடம்பைக் கொண்டே நம்ப வையுங்கள்

சொல்லால் உண்டாகும் நம்பிக்கையைவிட அனுபவத்தால் உண்டாகும் நம்பிக்கை ஆழமானது. ஆகவே முதல் நாளே ஒரு சிறு சோதனை செய்யுங்கள். அந்த அம்மாவை நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி, வலி எத்தனை என்று கேளுங்கள். பிறகு இருக்கையைச் சிறிது உயர்த்தி, பாதங்களைப் பின்னே இழுத்து, உடலை முன்னே சாய்த்து எழும் முறையைக் கற்றுக்கொடுத்து, மீண்டும் ஐந்து முறை செய்யச் சொல்லுங்கள். 6 என்றவர் 4 என்றால், அதை உரக்கச் சொல்லுங்கள்: "மெஷின் எதுவும் வெக்கலம்மா, இதை நீங்கதான் செஞ்சீங்க." எண் குறையாவிட்டால் குறைந்ததாக நடிக்க வேண்டாம், வேறொரு செயலை எடுத்துப் பாருங்கள்.

படி 6: "கரண்ட் வைக்கலையா?"

இந்தக் கேள்வி வராத நாளே இருக்காது. மின் தூண்டலுக்கும் அல்ட்ராசவுண்டுக்கும் நீடித்த பயன் இருப்பதற்கான சான்று பலவீனமானது என்பது நமக்குத் தெரியும். அதற்காக முகத்திலடித்தாற்போல் மறுத்தால், சிகிச்சையே நடக்கவில்லை என்று அவர் வீடு திரும்புவார். கேட்டதற்கெல்லாம் மெஷின் வைத்துவிட்டு, பயிற்சியைக் கடைசி இரண்டு நிமிடத்தில் ஒரு தாளாகக் கொடுத்தனுப்பினால், குணப்படுத்துவது மெஷின்தான் என்ற எதிர்பார்ப்பை நாமே சாசனம் எழுதிக் கொடுத்தவர்களாவோம்.

நடுவழி இருக்கிறது. வலியால் பயிற்சியே செய்ய முடியாதவருக்கு, பாதகம் எதுவும் இல்லையென்றால், சில நாட்களுக்கு மட்டும் வையுங்கள். வைக்கும்போதே அதன் இடத்தைச் சொல்லுங்கள். "இது கொஞ்ச நேரத்துக்கு வலியைத் தணிக்கும். அந்த நேரத்துல நாம செய்யற பயிற்சிதான் முட்டியைப் பலமாக்கும். ரெண்டு வாரத்துல இதை நிறுத்திடுவோம்." இப்படி உண்மையைச் சொன்னால் பயன் போய்விடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. வெற்று மாத்திரை என்று வெளிப்படையாகச் சொல்லியே கொடுத்தும் நாள்பட்ட இடுப்பு வலி குறைந்ததாக லிஸ்பனில் நடந்த ஆய்வொன்று 2016-இல் காட்டியது.

படி 7: வலி கூடும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள்

பயிற்சி தொடங்கிய மூன்றாம் நாள் தொடை கனத்து, முட்டி சற்று வலிக்கும். சொல்லாமல் விட்டால் அது சிகிச்சையின் தோல்வி. சொல்லி வைத்திருந்தால் எதிர்பார்த்த ஒன்று. பயிற்சியின்போது 10-க்கு 5 வரை வலி இருக்கலாம், மறுநாளைக்குள் பழைய நிலைக்குத் தணிய வேண்டும் என்ற அளவைக் கொடுங்கள். தணியாவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்க வேண்டும், நிறுத்தக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படி 8: வீட்டாரின் எதிர்பார்ப்பு

பக்கவாத நோயாளிகளிடம் இது பெரிது. 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே தமிழ்நாட்டில் பிசியோதெரபி வீடு தேடிப் போகிறது. அப்படி வீட்டுக்குப் போகும்போது கட்டிலில் இருப்பவரிடம் மட்டும் பேசி வருவது போதாது. மனைவி சோறு ஊட்டுவார், பிள்ளை தூக்கி உட்கார வைப்பார், துபாயிலிருந்து இன்னொரு பிள்ளை வீடியோ அழைப்பில் "எப்ப நடப்பாரு?" என்று கேட்பார். மூவரின் கணிப்பும் மூன்றாக இருக்கும். அதிகமாக அன்பு காட்டி எல்லாவற்றையும் செய்து கொடுக்கும் வீட்டில், இவரால் முடியாது என்ற எதிர்பார்ப்பு ஒவ்வொரு கவளத்திலும் ஊட்டப்படுகிறது. எந்த வேலையை அவரே செய்ய வேண்டும் என்று ஒன்றை மட்டும் அந்த வாரத்துக்கு எல்லோர் முன்னிலையிலும் தீர்மானித்துவிட்டு வாருங்கள்.

எதிர்பார்ப்பின் மேல் பழி போடக் கூடாத இடங்கள்

முன்னேற்றம் இல்லையென்றதும், "இவருக்கு நம்பிக்கையே இல்லை" என்று குறிப்பெழுதுவது சோம்பல். தூங்கவிடாத இரவு வலி, காரணமில்லாத எடைக் குறைவு, காய்ச்சலோடு வரும் முதுகு வலி, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழத்தல், உள்தொடை மரத்துப்போதல், விழுந்தபின் கால் ஊன்ற முடியாமை, அறுவைக்குப் பிறகு கெண்டைக்கால் வீங்கி வலித்தல் ஆகியவற்றுக்கு உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். உற்சாகமாக 9 என்று சொல்லும் நோயாளியிடமும் இவற்றைக் கேட்டே ஆக வேண்டும். நம்பிக்கை மிகுந்தவர் அறிகுறியை மறைத்துப் பேசுவது உண்டு.

படி 9: தாளை மறுபடி எடுங்கள்

மூன்றாம் வருகையிலும் நான்காம் வாரத்திலும் அதே கேள்விகளை அதே சொற்களில் கேளுங்கள். செயல்களின் மதிப்பெண் ஏறியும் கணிப்பு எண் அப்படியே நின்றால், முன்னேற்றம் அவர் கண்ணில் படவில்லை. பழைய தாளை அவர் முன் வைத்துப் பேசுங்கள். கணிப்பு ஏறியும் செயல் ஏறாவிட்டால், நீங்கள் நன்றாகப் பேசுகிறீர்கள், பயிற்சியைச் சரியாகக் கொடுக்கவில்லை. இரண்டும் இறங்கினால் நோயறிதலையே மறுபடி பாருங்கள்.

அனுப்பி வைக்கும் நாளில் கேள்வி மாறுகிறது. "இன்னும் ஆறு மாசத்துல திரும்ப வலிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். "உடனே உங்ககிட்ட வந்துருவேன்" என்றால் இன்னும் ஓர் அமர்வு பாக்கி இருக்கிறது. "ரெண்டு நாள் எண்ணிக்கையைக் குறைச்சுக்குவேன், அப்புறம் மறுபடியும் ஏத்துவேன், பத்து நாள்ல அடங்கலைன்னா போன் பண்ணுவேன்" என்று அந்த அம்மா சொன்னால், தாளில் அதையும் அவர் வார்த்தையிலேயே எழுதி, ஒரு நகலை அவர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.